வக்கீல் சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை என்ற மாத்திரத்தே நம்மவர் உள்ளத்திலே கப்பலொன்று தோன்றுதல் இயல்பு. கொழும்பில் வாழும் தமிழர்க்கு இது பின்னும் பொருந்தும். தூத்துக்குடியிற் புறப்பட்ட அச் சுதேசிக் கப்பல் வந்து நங்கூரமிட்ட துறை நம்முடைய கொழும்புத் துறையேயாகும். ஒருகொடவத்தைச் சந்தியிலே துறைமுகம் நோக்கி நிரை நிரையாய் நிற்கும் கொள்கலன் லொறிகளைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறும் பழைய மாணவர் எவரும், மேட்டிலிருந்து கடலைக் காணுங்கால் அப்பெரியாரை ஒரு கணமேனும் நினைத்தல் கூடும்.

ஆயினும், கப்பல் அவர் வாழ்விலே நான்கைந்து ஆண்டுக் கதை. கப்பலுக்கு முன்னே அவர் வக்கீல். கப்பல் போய், சிறையும் போய், வறுமையும் வந்தபின் மீண்டும் வக்கீல். இவ் வக்கீலைப் பற்றி நம் இதழ்களில் எழுதினோர் குறைவு. கையிற் காசில்லாத எதிரிக்காக நீதிமன்றில் எழுந்து நிற்பவர் யார், அவன் தண்டிக்கப்பட்ட பின்னர் அவனுடைய மேன்முறையீட்டை மேல் மன்றுக்கு எடுத்துச் செல்பவர் யார் என்ற கேள்வி அவர் வாழ்க்கையில் இரு முறை எழுந்தது. முதன்முறை அவர் வக்கீல் மேசைக்குப் பின்னே நின்றார். இரண்டாம் முறை எதிரிக் கூட்டினுள்ளே நின்றார். அவ் விரண்டையுமே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி, திருநெல்வேலிச் சீமையிலே ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாய்ப் பிறந்தார். கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி அவ்வூர்க்கு அயலிலுள்ளது. திண்ணைப் பள்ளியிலே தமிழ் கற்று, தூத்துக்குடியில் ஆங்கிலம் பயின்று, பின்னர்த் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் படித்தார். பாரதியாரும் அக் கல்லூரிப் பள்ளியில் இருந்து படித்தவரே. இந்துக் கல்லூரி என்னும் பெயர் தாங்கிய நிலையமொன்றின் பழைய மாணவராகிய நமக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு சிறு பெருமை உண்டு, வாசகர் பொறுத்தருள்க.

படிப்பு முடிந்ததும் தாலுக்கா அலுவலகத்திலே சிறிது காலம் எழுத்தராயிருந்தார். அவ்வேலை அவர்க்கு ஒட்டவில்லை. தந்தையார் உலகநாதபிள்ளை ஒட்டப்பிடாரத்திலே பெயர்பெற்ற வக்கீல். மகனும் அத்தொழிலையே கைக்கொள்ள வேண்டுமென விரும்பித் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிப்பித்தார். 1894இல் பரீட்சையிலே தேறி, 1895 முதல் ஒட்டப்பிடாரத்திலேயே வழக்குப் பேசத் தொடங்கினார். அவர் பெற்றது கீழ் நீதிமன்றுகளிலே தோன்றுதற்குரிய இரண்டாந்தர வக்கீற் சன்னது. சென்னை உயர் நீதிமன்றிலே பேசுதற்குப் பட்டம் பெற்ற பெரிய வக்கீல்மாரும் சீமை சென்று வந்த பாரிஸ்டர்மாரும் வேறாக இருந்தனர். இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்; பின்னே இது வேண்டப்படும்.

ஒரே ஊர், ஒரே நீதிமன்று, தந்தையும் மகனும் வக்கீல்கள். ஆயின் இருவரையும் நாடி வந்தோர் ஒருவகையினர் அல்லர். நிலமுடையாரும் பொருளுடையாரும் தந்தையிடம் சென்றனர். மகனுடைய திண்ணையிலே குந்தியிருந்தோர் கூலிகளும் குடியானவர்களும். தந்தையாரைக் குறை கூறுதல் முறையன்று. மகன் கட்டணமின்றி வழக்குப் பேசிய நாள்களிலும் வீட்டிலே அடுப்பெரிந்தது தந்தையின் வருவாயினாலன்றோ?

அக்காலத்துச் சிற்றூர்க் குற்ற வழக்கு எவ்வாறு நடந்ததென்பதைச் சிறிது விளக்குதல் தகும். பொலிசார் ஒருவனைப் பிடித்துக் கொண்டுவந்து சப்-மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவர். சாட்சிகள் பெரும்பாலும் பொலிசாருக்கு வேண்டியவர்கள். எதிரிக்கு எழுத்தறிவில்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை தனக்கு உண்டென்பதையே அவன் அறியான். அவன் பக்கத்திலே ஒருவர் எழுந்து, எங்கே நின்று கண்டாய், எத்துணைத் தூரம், இருளா நிலவா என்று நான்கு கேள்விகள் கேட்டாற் போதும், பொய் வழக்கு ஆட்டங்காணும். ஆனால் அந்த ஒருவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். கொலைக் குற்றமல்லாத வழக்குகளிலே அரசாங்கம் எதிரிக்கு வக்கீல் அமர்த்திக் கொடுத்தல் அந்நாளில் எண்ணிப் பாராத செய்தி. ஆகவே நான்கு கேள்வி கேட்கப்படாமையால் மாதக் கணக்காய்ச் சிறையிருந்தவர் பலர்.

இளம் வக்கீல் சிதம்பரம்பிள்ளை அக் கேள்விகளைக் கேட்டார். பெரும்பாலும் கட்டணம் வாங்காமலே கேட்டார். குற்றவியல் வழக்குகளில் அவர்க்கு நல்ல திறமை வாய்த்திருந்தது. அம்மட்டில் நில்லாது, கைக்கூலி வாங்கிய சப்-மாஜிஸ்திரேட்டுகள் மூவர்மீது குற்றத்தை நிலைநாட்டியுங் காட்டினார். நீதிமன்றில் அன்றாடம் தலைவணங்கி நிற்கவேண்டிய வக்கீல் ஒருவர் அந் நீதிபதிகளையே குற்றவாளியாக்குதல் எத்தகைய துணிவு என்பதைத் தொழிலறிந்த நம் பழைய மாணவர் நன்கு உணர்வர். பொலிசாரின் பகை முற்றிற்று. மகனுக்குத் தீங்கு வருமென அஞ்சிய தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் நடத்துமாறு அனுப்பினார்.

தூத்துக்குடி அவரைக் கடலுக்கு இழுத்தது. கப்பற் கதை யாவரும் அறிந்ததாகலின் விரைந்து சொல்லிச் செல்வேன். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கப்பல் நடத்தும் உரிமை பிரித்தானியக் கம்பெனியொன்றின் கைக்குள் அடங்கிக் கிடந்தது. 1906 ஒக்டோபர் 16இல் சுதேசி நாவிகக் கம்பெனி பதிவாயிற்று. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்கு, மூலதனம் 10 இலட்சம். தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர். முதலில் வாடகைக்குப் பெற்ற கப்பல்களை உரிமையாளர் திடீரென மீட்டுக்கொண்டபோது, சிதம்பரம்பிள்ளை நம் இலங்கையிலிருந்தே கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்திச் சேவையை நிறுத்தாது நடத்தினார். பின்னர் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டன. பிரித்தானியக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. அதன்மேல் அவர்கள் இலவசமாய் ஏற்றிக் குடையுங் கொடுக்க முன்வந்தனர். செட்டியார் தெரு வியாபாரிகளும் தோட்டங்களுக்குப் போவோரும் பயணஞ் செய்த வழி இது.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். ஒரு வாரத்துக்கு மேல் நடந்த நிறுத்தத்தின் முடிவிலே கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் கிடைத்தன. ஆங்கில அதிகாரிகள் இதனைப் பொறுத்திலர். மார்ச் 12இல் இருவரும் அவர்தம் தோழரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன, அரச கட்டிடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். கலக வழக்குகளிலே பலர் தண்டிக்கப்பட்டனர். கட்டணமில்லா வக்கீலாய் அத்தகையோர்க்குத் துணை நின்றிருக்கக் கூடியவர் அப்போது தாமே எதிரியாய்ச் சிறையிலிருந்தார்.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் இரண்டு. தாமே அரச நிந்தனையாகப் பேசினார் என்பது ஒன்று. அவ்வாறு பேசிய சிவாவுக்கு இடமும் துணையும் அளித்தார் என்பது மற்றொன்று. சான்றுகளுள் முதன்மையானவை மேடைப் பேச்சுக்களைக் கேட்ட பொலிசார் எழுதிக்கொண்ட குறிப்புகள். பாரதியார் எதிரி தரப்பிலே சாட்சி சொன்னார். செசன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 யூலை 7இல் தீர்ப்பளித்தார். தமது பேச்சுக்கு இருபதாண்டுத் தீவாந்தர தண்டனை. சிவாவுக்குத் துணை நின்றமைக்கு மற்றோர் இருபதாண்டு. ஒன்றன்பின் ஒன்றாய் நாற்பதாண்டு. சிவாவுக்குப் பத்தாண்டு. பேசியவருக்குப் பத்து, துணை நின்றவருக்கு இருபது என்னும் இக் கணக்கை எந்தச் சட்டக் கல்லூரியிலும் விளக்குதல் அரிது.

சிதம்பரம்பிள்ளைக்கு அப்பொழுது முப்பத்தைந்து வயது. தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. இலண்டனிலே இந்திய மந்திரியாயிருந்த மோர்லிப் பிரபுவுக்கும் செய்தி எட்டிற்று. திருநெல்வேலி மனிதர் இருவருக்கும் விதித்த தண்டனை எவ்விதத்திலும் தாங்கத்தக்கதன்று என்றும், அது நிலைக்கவிடலாகாது என்றும் அவரே வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். ஆளும் மந்திரியே நாணிய தீர்ப்பு அது.

மேன்முறையீடு சென்னைக்குச் சென்றது. ஈண்டுச் சிறிது நின்று, மேன்முறையீடு என்பது அந்நாளில் எவ்வாறு நடந்ததென்று நோக்குவோம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, தண்டிக்கப்பட்டவன் மேல் மன்றுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. வக்கீலை அமர்த்தி, மனுவெழுதுவித்து, தீர்ப்பின் பிரதியோடு தாக்கல் செய்தல் ஒரு வழி. சிறையிலிருப்பவன் தன் மனுவைச் சிறை அதிகாரி கையிற் கொடுக்க, அவர் அதனை மேல் மன்றுக்கு அனுப்புதல் மற்றை வழி. முதல்வழியில் வந்த மனுவை, மனுதாரனுக்கோ அவன் வக்கீலுக்கோ பேச வாய்ப்பளியாமல் தள்ளிவிடல் கூடாதென்று சட்டம் விதித்தது. சிறை வழியாய் வந்த மனுவுக்கு அந்தக் காப்பு இல்லை. நீதிபதி தம் அறையிலிருந்து தாள்களைப் பார்த்து, போதிய காரணமில்லையென்று கண்டால் அப்படியே தள்ளிவிடலாம். பணமுடையவன் மனு பேசும். பணமில்லாதவன் மனு ஊமை. இதனை எழுதியவர்கள் தீயவர் அல்லர். வக்கீல் வைக்க முடியாதவன் ஒருவன் உளன் என்பதை அவர்கள் நினைந்திலர், அவ்வளவே.

சிதம்பரம்பிள்ளையின் மனு ஊமையாகவில்லை. தாமே வக்கீலாயினும், அவர் சன்னது சென்னை மன்றிலே பேசுதற்குரியதன்று. குடும்பமோ இடிந்து கிடந்தது, கம்பெனியோ தள்ளாடிற்று. உற்றாரும் நண்பரும் முயன்றமையால் வழக்கு மேல் மன்று ஏறி முறையாகக் கேட்கப்பட்டது. தலைமை நீதிபதி சர் ஆர்னல்ட் வைட்டும் நீதிபதி மில்லரும் 1908 நவெம்பர் 4இல் தீர்ப்புரைத்தனர். குற்றத்தை அவர்கள் நீக்கினாரல்லர்; ஆயின் தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தனர். நாற்பது எங்கே, ஆறு எங்கே! இடையிலுள்ள முப்பத்துநான்கு ஆண்டும் நான்கு மாதத்துள் கரைந்து போயின. அதே சான்று, அதே பேச்சு, அதே சட்டப் பிரிவு. வேறுபட்டது ஒன்றே: மேலே ஒரு மன்று இருந்தது, அதன்முன் எழுந்து சொல்ல ஆளும் இருந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரையும் முறையீடு சென்றதாயினும், சிறை வாயில் அதனால் திறக்கவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்திலே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஏழை எதிரிகளுக்கு விசாரணையின்போது வக்கீல் அளிக்க 1903இல் ஒரு சட்டம் வந்தது. 1907ஆம் ஆண்டின் குற்ற மேன்முறையீட்டுச் சட்டம், பொருளில்லாத மேன்முறையீட்டாளர்க்கு மன்றே நியாயவாதியை நியமிக்கலாமென்று வகுத்தது. அம் மன்று கூடத் தொடங்கியது 1908இல். ஒரே முடியின்கீழ், ஒரே ஆண்டில், இலண்டன் ஏழைக்கு மன்று நியாயவாதியைத் தேடிற்று. திருநெல்வேலி ஏழை நியாயவாதியைத் தேடிப் பிச்சைக்குப் புறப்பட்டான்.

நம் இலங்கைக்கு அந்த ஆங்கிலச் சட்டத்தின் சாயல் வந்து சேர முப்பது ஆண்டு சென்றது. அதுகாறும், அசைஸ் மன்றிலே ஜூரிமார் முன் தண்டிக்கப்பட்டவனுக்கு வழக்கமான மேன்முறையீடே இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே குற்ற மேன்முறையீட்டு நீதிமன்றைப் புதுக்கடையில் நிறுவிற்று. கையிற் காசில்லாத கொலை எதிரிக்கு மன்று நியமித்துக் கொடுக்கும் அப்புக்காத்து பெரும்பாலும் இளைஞராகவே இருப்பார். கிடைக்கும் கட்டணம் அற்பம். ஆனால் எதிரிக்கோ அது உயிர்ப் பேச்சு. ஒருகொடவத்தையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெற்கே சென்றால் வெலிக்கடைச் சிறையின் மதிலைக் காணலாம். அம் மதிலுக்குள்ளே 1976 வரை தூக்குமேடை இயங்கிற்று. இளம் அப்புக்காத்து ஒருவர் தாள்களை நன்கு படித்தாரா இல்லையா என்பதிலே அம்மேடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் அடங்கியிருந்த நாள்கள் அவை. பின்னர் 1978இல் சட்ட உதவிச் சட்டம் பிறந்து, சட்ட உதவி ஆணைக்குழுவும் அமைந்தது.

பிற நாட்டு நிலையும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்க உயர் மன்று, ஏழை எதிரிக்கு விசாரணையிலே வக்கீல் வேண்டுமென்றும், முதல் மேன்முறையீட்டிலும் வேண்டுமென்றும் 1963 மார்ச் 18 என்ற ஒரே நாளில் இரு வழக்குகளிலே தீர்ப்பளித்தது. இந்தியாவிலே 1976இல் இலவச சட்ட உதவி அரசியலமைப்பின் நெறிகளுள் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டது. 1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், சிறையிலிருப்பவனுக்குத் தீர்ப்பின் பிரதியை இலவசமாய்க் கொடுத்தலும், மேன்முறையீட்டுக்குப் பொருளில்லாதவிடத்து வக்கீலை நியமித்தலும் அரசின் கடமை என்று ஹோஸ்கொட் வழக்கிலே நிறுவினார். சிதம்பரம்பிள்ளைக்குத் தீர்ப்பு வழங்கி அப்போது சரியாக எழுபது ஆண்டு. ஒட்டப்பிடாரத்து வக்கீல் தம் கைப்பொருள் கொண்டு செய்ததை நாடு சட்டமாய்ச் செய்ய அத்துணைக் காலஞ் சென்றது.

நிற்க. கோயம்புத்தூர்ச் சிறையிலே அவர் அரசியற் கைதியாய் நடத்தப்படவில்லை. சாதாரணக் குற்றவாளியினும் கடுமையாய் நடத்தப்பட்டார். கை தோலுரியச் சணல் கிழித்ததும், வெயிலிலே மாட்டுக்குப் பதில் செக்கிழுத்ததும் தமிழர் மறவாத செய்திகள்; அச் செக்கு இன்று சென்னைக் கிண்டிக் காந்தி மண்டபத்திலே வைக்கப்பட்டிருக்கிறது. செக்கை நினைப்பவர் அவருடைய எழுதுகோலை மறந்துவிடுகின்றனர். சட்ட நுணுக்கங்களை எடுத்துக்காட்டி, விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாய்ச் சிறையுள்ளிருந்து அனுப்பிக்கொண்டேயிருந்தார். சன்னது பறிபோயிற்று, வக்கீல் போகவில்லை. வெளியிலே அவர்க்கு உதவியாய் நின்றோருள் கோவை வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியாரும், பரலி சு. நெல்லையப்பரும் குறிப்பிடத்தக்கவர். முதலியாரைச் சைவ உலகம் வேறு வகையிலே அறியும்; பெரியபுராணத்துக்குப் பேருரை கண்ட பெருமகனார் அவரே. அரசாங்கம் பகைவனெனக் கொண்ட ஒருவருக்கு உதவுதல், அக்காலத்து வக்கீலுக்குத் தொழிலையே பணயம் வைக்கும் செயலாகும்.

1910இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசெம்பரிலே விடுதலையானார். நெல்லை வீதிகளிலே ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்த பெயரையுடையவர் சிறை வாயிலைக் கடந்தபோது காத்து நின்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவருள் சிவாவும் ஒருவர். கம்பெனி 1911இலேயே கலைந்துவிட்டது. காலியாக் கப்பல் எந்தப் பிரித்தானியக் கம்பெனியை எதிர்க்க வாங்கப்பட்டதோ அக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது.

குற்றத் தீர்ப்புப் பெற்றவராகலின் வக்கீல் தொழில் செய்யவும் வழியில்லை. சென்னையிலே குடியேறிச் சில்லறை வியாபாரஞ் செய்தார். நெய்யும் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றார். தென்னாபிரிக்காவிலே கரும்புத் தோட்டத்திலும் கடையிலும் உழைத்த இந்தியர், அவர்களுள்ளும் சிறப்பாகத் தமிழர், அவர்க்கென்று பணந் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். அப் பணத்தைப் பற்றி இருவரிடையேயும் பல கடிதங்கள் சென்று வந்தபின், 1916இல் 347 ரூபா 12 அணா சிதம்பரம்பிள்ளை கைக்கு வந்தது. பத்து இலட்சம் மூலதனமுடைய கம்பெனியை நடத்தியவர்க்கு, அந் நாளில் அத்தொகை பல மாதத்து வாழ்க்கை. கடல் கடந்த கூலியாட்கள் தம் ஊர் வக்கீல் ஒருவரை மறவாமற் காசு சேர்த்தார்கள் என்பது, கடல் கடந்து வாழும் நம்மனோர் சிந்தித்தற்குரியது.

இந்த வறுமையினிடையே தமிழ்த் தொண்டும் நிகழ்ந்தது. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையை வெளிக்கொணர்ந்தார். தம் வரலாற்றைச் செய்யுளிலே பாடினார். இவைபற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சிறையிலும் வறுமையிலும் மனந்தளராது ஏடு திருத்திய ஒருவரைப் பார்த்து, நூல்நிலையத்திலே இருக்கையுள்ள நாம் நாணவேண்டும் என்பதன்றி நான் சொல்லத்தக்கது வேறில்லை.

சன்னது மீண்ட கதை விந்தையானது. 1908இலே நெல்லையில் மாஜிஸ்திரேட்டாயிருந்து அவர் வழக்கை முதலில் விசாரித்து, செசன்ஸ் மன்றுக்கு அனுப்பியவர் ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கிலேயர். ஆண்டுகள் பல கழிந்து அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். சிதம்பரம்பிள்ளை தம் சன்னதை மீளத் தரவேண்டுமென்று விண்ணப்பித்தபோது அதற்குத் துணை நின்றவர் அதே வாலஸ் துரையே. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயன் ஒருவன் பெயரை ஈசுவர நாமமாக்கிய இச் செயலை நகையாடுவோர் உளர். எனக்கோ, ஆட்சியை வெறுத்து நீதிபதியை மதித்த ஒரு வக்கீலின் உள்ளம் அதிலே தெரிகிறது.

கோவிற்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் மீண்டும் வழக்குப் பேசினார். முன்னைச் செல்வாக்குத் திரும்பி வரவில்லை. சிறைப்பட்ட உடல் நலிந்திருந்தது, வருவாயும் சிறிது. 1936 நவெம்பர் 18இல், தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திலே அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டில் எழுதி வைத்த மரண சாசனத்திலே பிள்ளைகளுக்குப் பகிர்ந்த சொத்துக்களோடு, கடைக்காரர்க்குக் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்களும் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறிக்கப்பட்டிருக்கின்றன. வழக்காளிகள் அவர்க்குக் கொடுக்கவேண்டிய கடன் எவ்வளவு என்பதை அவர் கணக்கு வைத்திலர் போலும்.

அவர் பெயரால் 1961இலே திரைப்படம் வந்தது. 2011இலே தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கிற்று. சட்டம் பயிலும் நம் பழைய மாணவர் அவரை வேறோரிடத்திலும் காணலாம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் 32ஆம் தொகுதியை எடுத்தால், தொடக்கப் பக்கங்களிலேயே 1908ஆம் ஆண்டு வழக்கு அச்சாகியிருக்கக் காண்பர். அரச நிந்தனைச் சட்டம் பற்றி வாதிப்போர் பல ஆண்டுகளாக அதனை எடுத்தாண்டு வருகின்றனர். அதன் தலைப்பிலே, சக்கரவர்த்திக்கு எதிராக, மேன்முறையீட்டாளர் என்ற நிலையில் நிற்கிறது சிதம்பரம்பிள்ளை என்னும் பெயர்.